வாசகர் கேள்வி – பதில்: 102ஆம் மாடிக்கு மேலே என்ன இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி உயரக் கட்டடங்களைப் பற்றியது. ரொறன்ரோவுக்கும் டுபாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏ9 வீதியில் கொக்காவில் கோபுரத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்துப் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

நியூயோர்க்கில் இருக்கும் பெறாமகள் எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் 102ஆம் மாடியில் நின்று படம் அனுப்பி, "சின்னம்மா, இதுதான் உச்சி" என்று எழுதியிருக்கிறாள். படத்தில் பார்த்தால் அதற்கு மேலும் ஒரு கம்பம் போகிறது. அப்படியென்றால் எது உச்சி?
— வாசகி, பரந்தன்

பெறாமகள் சொன்னது பொய்யில்லை. ரிக்கெற் வாங்கி ஏறக்கூடிய உச்சி அதுதான். கட்டடம் அங்கே முடிவதில்லை என்பதும் உண்மை.

எம்பயர் ஸ்ரேற் 1931 மே 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதில் அலுவலகங்கள் இருப்பது 85ஆம் மாடி வரைக்கும்தான். 86இல், நிலத்திலிருந்து 320 மீற்றர் உயரத்தில், நாலு பக்கமும் திறந்த வெளித்தளம் இருக்கிறது. பெரும்பாலான படங்களில் நீங்கள் காண்பது அந்தத் தளம். அதற்கு மேல் எழுவதை மாடி என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். 61 மீற்றர் உயரமான ஒரு குழாய்க் கோபுரம் அது. அதன் வயிற்றுக்குள் லிப்ற்றும் படிக்கட்டும் போகின்றன. 87 தொடக்கம் 101 வரையான இலக்கங்களுக்கு, நாம் நினைக்கிற மாதிரி அறை, கதவு, யன்னல் என்று ஒரு குடியிருப்பு கிடையாது. குழாயின் தலையில், 381 மீற்றரில், கண்ணாடி சூழ்ந்த ஒரு சின்ன வட்ட அறை வரும். அதுதான் 102.

அந்தக் குழாயை ஏன் கட்டினார்கள் என்று தெரிந்தால் அதன் வடிவமும் விளங்கும். ஆகாயக் கப்பல்களை, அதாவது வாயு நிரப்பி மிதந்து பறக்கும் பெரிய கலங்களை, அதன் நுனியில் கட்டுவதுதான் திட்டம். பயணிகள் கப்பலின் மூக்கிலிருந்து ஒரு நடைபலகை வழியாக 102க்கு இறங்கி, அங்கிருந்து 86க்கு வந்து, லிப்ற்றில் தெருவுக்குப் போக வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் அணியத்தை மட்டும் கட்டி விட்ட வள்ளம் காற்றுக்கு எப்படிச் சுழலும் என்று பார்த்தவர்களுக்கு, இந்தத் திட்டம் ஏன் சரிவராது என்பது உடனே புரியும். கப்பலின் மூக்கைக் கட்டலாம், வாலைக் கட்ட அந்த உயரத்தில் இடமே இல்லை. அதோடு, கட்டடத்தில் மோதும் காற்று சுவரோடு மேல்நோக்கிக் கிளம்பி உச்சியில் சுழிக்கும். மிதப்பைச் சரிசெய்ய எடைத்தண்ணீரைத் திறந்துவிட்டால் அது கீழே நகரத் தெருவில் கொட்டும். 1931 செப்ரெம்பரில் ஒரு சிறிய ஆகாயக் கப்பல் மூன்று நிமிடம் பிடித்து நின்றது. அந்தத் திட்டம் அதற்கு மேல் போகவில்லை.

102க்கு மேலே ஒடுங்கிய செங்குத்துப் படி ஒன்று 103க்குப் போகிறது. அங்கே வெளியே வட்டமாக ஒரு மெல்லிய விளிம்பு இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவர் முழங்காலளவுதான். பொதுமக்களுக்கு அங்கே அனுமதியில்லை. பராமரிப்புக்காரரும் சில பிரபல விருந்தினரும் மட்டும் போவார்கள். அதற்கும் மேலே போவது ஒளிபரப்பு அன்ரனா. அதன் நுனி 443 மீற்றர். ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து தடவை மின்னல் விழுவது அந்த நுனியில்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். லிப்ற் முதலில் 80க்குக் கொண்டுபோகும், அங்கே மாறி 86க்குப் போக வேண்டும். 102க்குத் தனிக் கட்டணம். முக்காலி பொருத்திய கமரா, கண்ணாடிப் போத்தல், பயணப் பெட்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் விமான நிலையம் மாதிரியே சோதனை இருக்கும். காசு அளவோடு இருந்தால் எங்கள் யோசனை 86தான். 102இல் நிற்பது கண்ணாடிக்குள். காற்று முகத்தில் அடிக்க, இடையில் கம்பித் தடுப்பு மட்டும் இருக்க நகரத்தைப் பார்ப்பது 86இல்தான் கிடைக்கும்.

லிப்ற்றில் வேகமாக ஏறும்போது காது அடைக்கும் என்கிறார்கள். ஏன்? குழந்தைகளைக் கொண்டு போகலாமா?
— வாசகி, கிளிநொச்சி

நிலமட்டத்துக்கு அருகே எட்டு, ஒன்பது மீற்றர் ஏறினால் வளி அமுக்கம் ஏறத்தாழ ஒரு ஹெக்ரோபஸ்கால் (அமுக்கத்தை அளக்கும் அலகு) குறையும். டுபாயின் புர்ஜ் கலிபாவில் 124ஆம் மாடித் தளம் 452 மீற்றரில் இருக்கிறது. அங்கே போகும்போது குறைவது ஐம்பதுக்குச் சற்று மேல். இரணைமடுக் குளத்தில் அரை மீற்றர் ஆழத்துக்கு முங்கினால் காதுச் சவ்வில் விழும் அமுக்கமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பெரிய தொகை இல்லை. ஆனால் லிப்ற் செக்கனுக்கு 10 மீற்றர் ஓடுவதால், இந்த மாற்றம் ஒரு நிமிட அளவில் நடந்து முடிந்துவிடுகிறது. விமானத்தில் அமுக்கம் இதைவிட அதிகம் மாறும், ஆனால் மெதுவாக மாறும்.

ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று தானாகவே தொண்டைப் பக்கம் வெளியேறிவிடும், "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வேதனை வருவது இறங்கும்போது. வெளியே அமுக்கம் கூடக்கூட, தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் மூடிக்கொள்ளும். நாமே அதைத் திறக்க வேண்டும். தாய்வானில் உள்ள தாய்பே 101 கட்டடத்தின் லிப்ற் 5ஆம் மாடியிலிருந்து 89க்கு 37 செக்கனில் ஏறும். இறங்கும்போது வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே அமுக்கத்தைப் படிப்படியாக மாற்றும் பொறியும் உண்டு.

ஆகவே லிப்ற் இறங்கத் தொடங்கும் முன்னரே எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். காது அடைத்த பிறகு முயன்றால் கடினம். அடைத்துவிட்டால் மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல ஊதுங்கள். பலமாக ஊதக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு இனிப்பு போதும். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள் அல்லது சூப்பியை வாயில் வையுங்கள். குழந்தைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால் அன்றைக்குப் போகாமல் விடுவதே நல்லது.

எங்கள் ஊரில் கச்சான் காலத்தில் பனை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். நூறு மாடிக் கட்டடம் ஆடாதா? ஆடினால் எப்படி நிற்கிறது?
— வாசகர், முல்லைத்தீவு

ஆடும். ஆடத்தான் வேண்டும். ஆடாமல் விறைத்து நிற்கக் கட்டினால் அதற்குப் போகும் உருக்குக்கும் கொங்கிறீற்றுக்கும் அளவே இருக்காது. பனை புயலிலும் முறியாமல் நிற்பது வளைந்து கொடுப்பதால்தான்.

பொறியியலாளருக்குக் கட்டடம் விழுந்துவிடும் என்ற கவலை குறைவு. மேல்மாடியில் இருப்பவருக்குத் தலை சுற்றும் என்பதுதான் பெரிய கவலை. உடல் உணர்வது எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதை அல்ல, எவ்வளவு சடுதியாகத் திசை மாறியது என்பதை. அதனால் ஆட்டத்தை மெதுவாக்கவும், சீக்கிரம் ஓய வைக்கவும் வழி தேடினார்கள்.

இதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் தாய்பே 101. அதன் உயரம் 508 மீற்றர், 2004 டிசெம்பர் 31இல் திறந்தார்கள். சூறாவளியும் நிலநடுக்கமும் ஒன்றாக வரும் ஊர் அது. கட்டடத்தின் நடுவே 92ஆம் மாடியிலிருந்து தடித்த உருக்கு வடங்களில் 660 தொன் எடையுள்ள ஒரு கோளம் தொங்குகிறது. குறுக்களவு 5.5 மீற்றர். ஒரே வார்ப்பாக அதை மேலே ஏற்ற முடியாது என்பதால், 41 உருக்குத் தகடுகளை வேறு வேறு அளவில் வெட்டி, மேலே கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பொன்னிறப் பந்து மாதிரித் தெரியாது. விளிம்பு விளிம்பாக, இடியப்பத் தட்டுகளை அடுக்கி வைத்தது மாதிரித் தெரியும்.

வேலை செய்யும் விதம் இதுதான். காற்று கட்டடத்தை இடப்பக்கம் தள்ளும்போது, தொங்கும் கோளம் தன் எடையால் பின்தங்கும். கட்டடம் திரும்பி வரும்போது கோளம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். கோளத்துக்கும் தளத்துக்கும் இடையே மோட்டார் சைக்கிள் "சொக்" மாதிரி, ஆனால் ஆளைவிடப் பெரிய எண்ணெய்க் குழாய்கள் இருக்கின்றன. கோளம் ஆட ஆட அந்த எண்ணெய் நுண்துளைகளால் பிதுங்கும், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிப் போகும். குழாய்கள் இல்லாமல் கோளத்தை மட்டும் தொங்கவிட்டால் பலனில்லை, அது கட்டடத்தோடு சேர்ந்து ஊஞ்சலாடும். வடத்தின் நீளமும் கட்டடம் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தோடு ஒத்துவர வேண்டும். 2015 ஓகஸ்ட் 8இல் சூடெலோர் சூறாவளி அடித்தபோது அந்தக் கோளம் ஒரு மீற்றர் அளவுக்கு ஆடியது. கட்டடத்துக்குச் சேதமில்லை. உச்சிக் கம்பத்துக்கென்று தனியே இரண்டு சிறிய எடைகளும் வைத்திருக்கிறார்கள். மெல்லிய கம்பம் காற்றில் விடாமல் அதிர்ந்தால் உருக்கு களைத்து வெடிக்கும்.

லிப்ற்றின் கயிறு அறுந்தால் என்ன ஆகும்?
— வாசகர், ஒட்டுசுட்டான்

ஒரு கயிற்றில் லிப்ற் தொங்குவதில்லை. பல உருக்கு வடங்கள் இருக்கும், அவற்றுள் ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கும் அளவுக்குக் கணக்கிட்டுப் போடுவார்கள். எல்லாம் போனாலும், வேகத்தைக் கண்காணிக்கும் ஒரு சில்லு இருக்கிறது. வேகம் வரம்பைத் தாண்டினால் அது ஒரு தனி வடத்தை இறுக்கும், அந்த வடம் பெட்டிக்கு அடியிலுள்ள தாடைகளை இழுக்கும், தாடைகள் இருபக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். இலிஷா ஓரிஸ் என்ற அமெரிக்கர், தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் இந்த எண்ணத்தை 1850களில் நியூயோர்க்கில் கூட்டத்தின் முன் தானே மேடையில் நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டினார்.

இது தவறிய ஒரு சம்பவமும் உண்டு. 1945 யூலை 28இல் மூடுபனியில் ஒரு பி-25 குண்டுவீச்சு விமானம் எம்பயர் ஸ்ரேற்றின் 79ஆம் மாடிப் பக்கம் மோதியது. 14 பேர் இறந்தார்கள். விமானத்தின் பாகங்கள் லிப்ற் வழிக்குள் பாய்ந்து, தாங்கும் வடங்களோடு அந்தக் கண்காணிப்பு வடத்தையும் அறுத்துவிட்டன. தாடைக்குக் கட்டளை போகவில்லை. பெற்றி லூ ஒலிவர் என்ற லிப்ற் இயக்குநர் 75 மாடி விழுந்தார், உயிர் பிழைத்தார். அறுந்த வடம் அடியில் சுருண்டு மெத்தை போலக் கிடந்ததும், ஒடுங்கிய வழிக்குள் காற்று அமுங்கியதும் அவரைக் காப்பாற்றின என்று காரணம் சொல்கிறார்கள்.

சாதாரண நாட்களில் உங்களுக்கு நேரக்கூடியது லிப்ற் இடையில் நிற்பது மட்டும்தான். மணியை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கதவைக் கையால் நெம்பி வெளியே ஏற முயல்வதில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள்.

அம்மாவை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டிருக்கிறோம். சி.என். கோபுரம் பார்க்க ஆசை. வயது 68, முழங்கால் வலி, உயரம் என்றால் கொஞ்சம் பயம். கூட்டிப்போகலாமா?
— வாசகர், வவுனியா

தாராளமாகப் போகலாம். படி ஏறத் தேவையே இல்லை. பிரதான தளத்துக்கு 1,776 படிகள் உண்டு, ஆனால் அவை நன்கொடை ஏற்றம் நடக்கும் நாட்களில் மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கும். லிப்ற் 346 மீற்றருக்கு 58 செக்கனில் கொண்டுபோகும். லிப்ற்றின் வெளிப்பக்கம் கண்ணாடி. பயமுள்ளவரை முதலில் உள்ளே ஏற விட்டால், அவர் பின்பக்கம் போய் அந்தக் கண்ணாடியோடு ஒட்டி நிற்க நேரும். கடைசியாக ஏற்றி, கதவைப் பார்த்து நிற்க வையுங்கள்.

முழங்காலுக்குக் கஷ்டம் மேலே இல்லை, கீழே வரிசையில்தான். நேரம் குறித்த ரிக்கெற்றை முன்கூட்டி எடுங்கள், கிழமைநாள் காலையைத் தெரிவு செய்யுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்குத்தான் எல்லாரும் முண்டியடிப்பார்கள்.

மேலே போனதும் நேரே கண்ணாடித் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தூரத்தில் ஏரியின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு நேர்கோடு கிடைத்தால் தலைசுற்றல் தணியும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஓரடி ஓரடியாக யன்னல் பக்கம் போகலாம். நேர் கீழே பார்ப்பது கடைசியில். கண்ணாடித் தளம் 342 மீற்றரில் இருக்கிறது, 1994இல் திறந்தது. அதில் கால் வைக்க மனமில்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே போதும். இன்னும் மேலே, 447 மீற்றரில் ஒரு சிறு வட்டத்தளம் உண்டு. அதற்கு வேறு லிப்ற், வேறு காசு. பெரிய கோபுரத்தின் மெல்லிய கழுத்தில் இருப்பதால் காற்று நாளில் அங்கே அசைவு தெரியும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

பிள்ளைகள் யாராவது வெளி விளிம்பில் நடக்கும் "எட்ஜ்வோக்" போவதாக இருந்தால், அது 356 மீற்றரில், 1.5 மீற்றர் அகல விளிம்பில், கைப்பிடி இல்லாமல், மேலே தண்டவாளத்தில் ஓடும் கயிற்றில் உடலைக் கட்டிக்கொண்டு நடப்பது. கழன்று விழக்கூடிய எதையும் அணிய விடமாட்டார்கள். மணிக்கூடு, தோடு, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் காசு கட்டும் முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இடிமின்னலிலும் பலத்த காற்றிலும் நடை நிறுத்தப்படும்.

குளிர்காலத்தில் இன்னொன்று. முகில் தாழ்ந்தால் மேலே வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும். கோபுரத்தில் படிந்த பனிக்கட்டி உடைந்து விழும் நாட்களில் சுற்றியுள்ள தெருக்களையே மூடுவதுண்டு. புறப்படும் முன் வீட்டு வாசலுக்கு வந்து கோபுரத்தின் தலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அம்மாவை வேறு எங்காவது கூட்டிப்போய், அடுத்த நாள் வாருங்கள்.

கொக்காவில் கோபுரத்தின் உச்சியில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும்? கணக்கு உண்டா?
— க.பொ.த. சாதாரணதர மாணவன், மாங்குளம்

உண்டு, உங்கள் பாடப்புத்தகக் கணிதமே போதும். உயரத்தை மீற்றரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள், அதை 3.57ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீற்றரில் அடிவானத் தூரம். பூமி உருண்டையாக இருப்பதால் பார்வைக் கோடு நிலத்தைத் தொடும் இடம் அது. பைதகரஸ் தேற்றத்தில் பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றரைப் போட்டு நீங்களே இந்த 3.57ஐ வருவித்துப் பாருங்கள்.

2011 யூனில் திறக்கப்பட்ட கொக்காவில் கோபுரத்தின் உயரம் 174 மீற்றர். வர்க்கமூலம் 13.2. ஆகவே 47 கிலோமீற்றர். கிளிநொச்சியும் இரணைமடுவும் ஆனையிறவும் அதற்குள் அடங்கும். அது தொலைத்தொடர்புக் கோபுரம், பார்வையாளர் ஏறும் இடமல்ல.

இன்னும் ஒரு கணக்கு. புர்ஜ் கலிபாவின் 148ஆம் மாடித் தளம் 555 மீற்றரில் உள்ளது. அதை அப்படியே கொண்டுவந்து கிளிநொச்சியில் நட்டால் அடிவானம் 84 கிலோமீற்றர். வடக்கே பருத்தித்துறை, கிழக்கே முல்லைத்தீவு, தெற்கே வவுனியா, மேற்கே மன்னார், நாலும் வட்டத்துக்குள் வந்துவிடும். வன்னி முழுதும் ஒரே பார்வையில்! ஆனால் 828 மீற்றர் நுனிக்கே ஏறினாலும் இராமேஸ்வரத்தின் நிலம் தெரியாது. நுனியின் அடிவானம் 103, இராமேஸ்வரம் ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது.

டுபாயில் வேலை செய்யும் மகன், புர்ஜ் கலிபாவின் மேல்மாடிகளில் இருப்பவர்கள் நோன்பு திறக்கப் பிந்த வேண்டும் என்கிறான். உண்மையா?
— வாசகர், முசலி

உண்மை. கட்டடம் திறந்தது 2010 ஜனவரி 4இல். அடுத்த ஆண்டு ரமழானில் டுபாயின் மார்க்க அறிஞர்கள், 80ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மேலே போகப் போக அடிவானம் கீழே இறங்கும். 600 மீற்றர் உயரத்தில் அது முக்கால் பாகைக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கும். சூரியன் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் ஆகும். பெருக்கிப் பார்த்தால் மூன்று நிமிடம் சரியாக வரும்.

கோபுர உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அது பழுதானால் யார், எப்படி ஏறி மாற்றுகிறார்கள்? உள்ளே வழி இருக்கிறதா?
— வாசகர், தலைமன்னார்

பெரிய கட்டடங்களில் கடைசி லிப்ற் நின்றதும் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்ததும் ஏணி, ஏணி முடியும் இடத்தில் தலைக்கு மேலே ஒரு இரும்பு மூடி. உச்சிக் கம்பத்தின் வயிற்றுக்குள்ளேயே ஏணி ஓடும். மேலே போகப் போகக் குழாய் ஒடுங்கி, தோள் இரண்டும் உரசும். புர்ஜ் கலிபாவின் 160ஆம் மாடி வரைக்குமே 2,909 படி, அதற்கு மேலேதான் இந்த ஏணி வேலை. கம்பிச் சட்டக் கோபுரங்களுக்கு உள்வழி இல்லை, ஏணி வெளிக்காற்றில்தான்.

ஏறும் முறை பனை ஏறுகிறவருக்குப் புதிதல்ல. பாரத்தைக் கால் தூக்க வேண்டும், கை பிடிக்க மட்டும். தளைநார் போட்டவர் கால்களால் எம்பி எழுவதைப் பாருங்கள், அதே விதி. புதிதாக ஏறுபவர் பயத்தில் கையால் தொங்கி இழுப்பார். ஐம்பது மீற்றரில் முன்கை மரத்து விரல் மடங்காமல் போகும். ஏணிப்படி ஒரு அடிக்கு ஒன்று என்று வைத்தால், 174 மீற்றருக்கு அண்ணளவாக 570 படி. இடைத்தளம் வரும்போதெல்லாம் கொளுவிவிட்டு ஓய்வெடுக்க வேண்டும்.

இரண்டு கைகளும் இரண்டு கால்களும் என்ற நாலில் எப்போதும் மூன்று ஏணியில் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டியிலிருந்து வரும் கொளுக்கி இரண்டு. ஒன்றை மேலே மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றலாம். ஏணி நடுவே தண்டவாளமோ வடமோ இருந்தால், அதில் ஓடும் கவ்வியை நெஞ்சில் மாட்டிக்கொள்வார்கள், சடுதியாக இழுத்தால் அது பூட்டிவிடும். தனியாக யாரும் ஏறக் கூடாது. விழுந்து பட்டியில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். ஆகவே விழுந்தவரை உடனே இறக்கத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் வேண்டும்.

ஒவ்வொரு சாவியும் குறடும் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். 170 மீற்றரிலிருந்து நழுவிய ஒரு குறடு ஆறு செக்கனில் நிலத்தைத் தொடும், காற்றுத் தடையை விட்டால் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். கீழே தலைக்கவசம் போட்டு நிற்பது போதாது, கோபுரத்தடியில் நிற்கவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அன்ரனாதான். ஒளிபரப்பு நடக்கும் அன்ரனாவுக்கு முன்னால் நின்றால் அந்த அலை உடம்பின் உள்ளே சூடேற்றும், தோல் சுடுவது போல உடனே தெரியாது. அதனால் ஏறும் முன் நிலையத்தோடு பேசி அந்த அன்ரனாவை நிறுத்த வேண்டும் அல்லது வலுவைக் குறைக்க வேண்டும். சொன்னார்கள் என்று நம்பாமல், நெஞ்சில் மாட்டும் அளவுகருவி சத்தமிடுகிறதா என்று கவனித்தபடி ஏறுவார்கள்.

வன்னி வெயிலில் இன்னும் இரண்டு. மத்தியானத்தில் இரும்பு கையைச் சுடும், ஆகவே விடியற்காலையில் ஏறி வெயில் ஏறுமுன் இறங்குவது வழக்கம். மற்றது குளவி. ஏணி மடிப்புகளிலும் விளக்குப் பெட்டிக்குப் பின்னாலும் கூடு வைக்கும். கொட்டியதும் கையை உதறுவது மனித இயல்பு, அந்த உயரத்தில் கையை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொளுக்கி மாட்டாமல் ஒரு படிகூட ஏறக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கிறைஸ்லர் கட்டடத்தின் ஊசி முனையை அவ்வளவு உயரத்துக்கு எப்படித் தூக்கினார்கள்?
— வாசகி, புதுக்குடியிருப்பு

வெளியிலிருந்து தூக்கவில்லை, உள்ளேயிருந்து எழுப்பினார்கள். 1929இல் நியூயோர்க்கில் வோல் வீதி 40ஆம் இலக்கக் கட்டடத்தோடு கிறைஸ்லருக்கு உயரப் போட்டி. கட்டடக் கலைஞர் வில்லியம் வான் அலன், 56 மீற்றர் நீளமான உருக்கு ஊசியைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய்க் கூரைக்கு அடியில் இரகசியமாகப் பொருத்தி வைத்தார். ஒக்ரோபர் 23இல் சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் அது கூரையைப் பிளந்து எழுந்தது. எடை 27 தொன். கட்டடம் 319 மீற்றரானது. அடுத்து 1931இல் எம்பயர் ஸ்ரேற் அதை முந்தியது. வெளியே மினுங்கும் அந்த முக்கோண யன்னல்களுக்குப் பின்னால், உள்ளே இருப்பது பூச்சில்லாத கொங்கிறீற்றும் ஏணியும்தான். 71ஆம் மாடியில் இருந்த பார்வைத் தளத்தையும் 1945இல் மூடிவிட்டார்கள்.

புர்ஜ் கலிபாவின் ஊசியும் இதே உபாயம்தான். 4,000 தொன் உருக்கை உள்ளே சேர்த்து, நீரியல் பம்பால் 200 மீற்றருக்கு மேல் தள்ளி எழுப்பினார்கள்.

வெளிநாடு போக வசதியில்லை. கொழும்புத் தாமரைக் கோபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எந்த நேரம் நல்லது?
— வாசகர், துணுக்காய்

கிட்டத்தட்ட 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் 2022 செப்ரெம்பர் 15இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நீங்கள் ஏறுவது மொட்டுக்குள் இருக்கும் தளத்துக்கு. அதற்கு மேலே போவது அன்ரனாக் கம்பம். எல்லா ஊரிலும் கதை இதுதான்.

காலையில் போங்கள். துறைமுகம் வடமேற்கே, கடல் மேற்கே. காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அவற்றுக்கு வெளிச்சம் போடும். பின்னேரத்தில் அதே கடல் கண்ணைக் கூசும். சூரியன் மறைவதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் போகலாம், கப்பல் எண்ண முடியாது. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவெம்பரிலும் பின்னேரம் இடிமழை வரும், அந்த மாதங்களில் காலையைத் தவிர வேறு நேரம் வேண்டாம். முதல்நாள் மழை பெய்து விடிந்த காலை கிடைத்தால் விடாதீர்கள், தூசி கழுவப்பட்டுத் தூரம் துலக்கமாகத் தெரியும்.

கண்ணாடி வழியாகப் படம் எடுக்கும்போது போனின் கமரா வாயைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் கண்ணாடியில் தெரியும் உங்கள் விம்பமே படத்தில் விழும். கரும்பச்சையோ கறுப்போ நல்லது. பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தால், பேரே வாவியின் ஓரத்தில் ஓடும் ரயிலைத் தேடிப் பிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.